சூரிய கிரகணத்தின்போது மேல் வளிமண்டலத்தில் என்ன நடக்கிறது?

ஒவ்வொரு சூரிய கிரகணத்துக்கு முன்னாலும் வாட்ஸ்அப்பில் ஒரே மாதிரியான செய்திகள் சுற்ற ஆரம்பித்துவிடும். கிரகண நேரத்தில் சூரியனிலிருந்து தீய கதிர்கள் வரும், வெளியே போகாதீர்கள். சமைத்தது கெட்டுப்போகும், தர்ப்பை போட்டு வையுங்கள். கர்ப்பிணிகள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருங்கள். அண்மைக் காலமாக இந்தச் செய்திகளில் அறிவியல் சொற்களும் சேர்ந்துகொண்டன. "கிரகணத்தில் அயனி மண்டலம் பாதிக்கப்படுகிறது என்று நாசாவே ராக்கெட் விட்டுக் கண்டுபிடித்திருக்கிறது" என்று ஒரு வரி வரும். அதன் கீழேயே மேற்படி எச்சரிக்கைகள் எல்லாம் வரிசையாக வரும்.

நாசா ராக்கெட் விட்டது உண்மை. கிரகணத்தின்போது அயனி மண்டலம், அதாவது மேல் வளிமண்டலத்தில் மின்னூட்டம் பெற்ற துகள்கள் கலந்திருக்கும் பகுதி, மாறுகிறது என்பதும் உண்மை. ஆனால் அந்த மாற்றம் எந்தத் திசையில் நடக்கிறது, எவ்வளவு நடக்கிறது என்பது தெரிந்தால், அதற்குக் கீழே எழுதப்படும் எச்சரிக்கைகளுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பது விளங்கும். கிரகணம் மேல் வளிமண்டலத்துக்கு எதையும் அனுப்புவதில்லை. வழக்கமாகப் போய்ச் சேரும் ஒன்றைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கிறது. இந்தக் கட்டுரையில் இனி வருவதெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

தலைக்கு மேலே அறுபது கிலோமீட்டரில்

மழை, மேகம், புயல் எல்லாம் தரையிலிருந்து ஏறக்குறைய பதினைந்து கிலோமீட்டர் உயரத்துக்குள் முடிந்துவிடும். பயணிகள் விமானம் பறப்பது பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில். அதற்கு மேலே காற்று மெலிந்துகொண்டே போகிறதே தவிர, சட்டென்று தீர்ந்துவிடுவதில்லை. சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது, அங்கேயும் மிச்சமிருக்கும் மெல்லிய காற்று அதை உரசி, மெல்ல மெல்லக் கீழே இறக்கிவிடுகிறது. அவ்வப்போது எஞ்சினை இயக்கி அதை மேலே தூக்கிவிட வேண்டியிருக்கிறது.

சூரியனிடமிருந்து வருவது கண்ணுக்குத் தெரியும் ஒளி மட்டுமில்லை. அதோடு ஆற்றல் மிகுந்த புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் வருகின்றன. மொத்தச் சூரிய ஆற்றலில் இவற்றின் பங்கு லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆனாலும் இவற்றுக்கு ஒரு காரியம் செய்ய முடியும்: காற்றிலுள்ள அணுவையோ மூலக்கூறையோ தாக்கி, அதிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிய்த்து எறிய முடியும். எலக்ட்ரானை இழந்த அந்த அணு நேர்மின்னூட்டம் பெற்றுவிடுகிறது. அதற்கு அயனி என்று பெயர். பிய்க்கும் இந்த வேலைக்கு அயனியாக்கம் என்று பெயர். இந்த வேலையிலேயே அந்தக் கதிர்கள் செலவாகித் தீர்ந்துவிடுவதால் அவை தரைக்கு வருவதே இல்லை. கிரகண நாளிலும் சரி, மற்ற நாளிலும் சரி.

இப்படிப் பிய்க்கப்பட்ட எலக்ட்ரான்களும் அயனிகளும் கலந்திருக்கும் பகுதிதான் அயனி மண்டலம். ஏறக்குறைய 60 கி.மீ. உயரத்தில் தொடங்கி ஆயிரம் கி.மீ. வரை நீள்கிறது. பெயரைக் கேட்டால் அங்கே இருப்பதெல்லாம் அயனிகள் என்று தோன்றும். அப்படி இல்லை. 300 கி.மீ. உயரத்தில்கூட, நல்ல வெயில் நேரத்தில், ஆயிரம் துகள்களில் ஒன்றுதான் அயனியாகியிருக்கும்; மற்றவை சாதாரண அணுக்கள். ஆனால் எலக்ட்ரான்கள் மிகவும் இலேசானவை. ரேடியோ அலை பட்டால் உடனே அதோடு சேர்ந்து ஆடும். அதனால் அந்தச் சிறு பங்கே ரேடியோ அலையை வளைக்கவும், திருப்பி அனுப்பவும், சில சமயம் விழுங்கவும் போதுமானதாக இருக்கிறது.

தண்ணீர்த் தொட்டிக் கணக்கு

பிய்க்கப்பட்ட எலக்ட்ரான் எப்போதும் தனியாகவே அலைந்துகொண்டிருக்காது. எதிரே ஓர் அயனி வந்தால் அதோடு சேர்ந்துவிடும். இதை மீளிணைவு என்கிறார்கள். ஆக, ஒரு பக்கம் சூரியன் எலக்ட்ரான்களைப் பிய்த்துக்கொண்டே இருக்கிறது. இன்னொரு பக்கம் அவை மீண்டும் சேர்ந்துகொண்டே இருக்கின்றன.

மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே குழாயில் தண்ணீர் விழுகிறது. அடியில் ஒரு ஓட்டை வழியாகக் கசிகிறது. விழுவதும் கசிவதும் சமமாகும் ஒரு மட்டத்தில் தண்ணீர் நிற்கும். குழாய்தான் சூரியக் கதிர். ஓட்டைதான் மீளிணைவு. தண்ணீரின் மட்டம் அங்கேயுள்ள எலக்ட்ரான் அடர்த்தி. இப்போது குழாயைப் பாதி மூடினால் என்ன ஆகும்? ஓட்டை பெரிதாக இருந்தால் மட்டம் மளமளவென இறங்கும். ஓட்டை ஊசிமுனை அளவு என்றால், குழாயை மூடி ஒரு மணி நேரம் ஆனாலும் பெரிய வித்தியாசம் தெரியாது.

கிரகணம் என்பது நிலா வந்து அந்தக் குழாயை மெல்ல மூடி, மறுபடி மெல்லத் திறப்பது. அயனி மண்டலத்தில் ஒவ்வொரு உயரத்திலும் ஓட்டையின் அளவு வேறு. அதனால் ஒரே கிரகணம் ஒவ்வோர் உயரத்திலும் வேறு வேறு நேரத்தில், வேறு வேறு அளவில் தெரிகிறது.

மூன்று அடுக்குகள், மூன்று விதமான கசிவு

அயனி மண்டலத்தை டி, ஈ, எஃப் என்று மூன்று அடுக்குகளாகப் பிரிப்பது வழக்கம்.

கீழே இருப்பது டி அடுக்கு, சுமார் 60 முதல் 90 கி.மீ. வரை. இங்கே காற்று ஒப்பீட்டளவில் அடர்த்தி. எலக்ட்ரான் போகிற வழியெல்லாம் யாராவது மோதிக்கொண்டே இருப்பார்கள், அதனால் அதற்குச் சீக்கிரமே துணை கிடைத்துவிடும். ஓட்டை பெரிது. சூரியன் மறைந்தால் டி அடுக்கு சில நிமிடங்களில் கிட்டத்தட்ட இல்லாமலே போய்விடும். மத்திய அலை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது காதாலேயே தெரிந்த விஷயம். பகலில் உள்ளூர் நிலையம் மட்டும் எடுக்கும் பெட்டியில், இருட்டிய பிறகு எங்கெங்கோ இருக்கும் நிலையங்கள் எல்லாம் வந்து நிற்கும். பகலில் மத்திய அலையை டி அடுக்கு விழுங்கிவிடுகிறது. இரவில் டி அடுக்கு கலைந்துவிடுவதால், அலை இன்னும் மேலே போய் அங்கிருந்து திரும்பி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்குகிறது. முழு கிரகணப் பாதையில் இருப்பவர்களுக்குப் பட்டப்பகலிலேயே, சில நிமிடங்களுக்கு, இதே மாதிரி தொலைதூர நிலையங்கள் கேட்டதுண்டு.

அதற்கு மேலே ஈ அடுக்கு, 90 முதல் 150 கி.மீ. வரை. இங்கேயும் மீளிணைவு வேகமானதுதான். சூரியனின் எத்தனை பங்கு மறைந்திருக்கிறதோ அதை ஓரிரு நிமிடத் தாமதத்தில் அப்படியே பின்தொடரும். பாடப்புத்தகத்துக்காகவே அமைந்த அடுக்கு என்று சொல்லலாம்.

அதற்கும் மேலே எஃப் அடுக்கு. பகலில் இது எஃப்1, எஃப்2 என்று இரண்டாகப் பிரிந்து நிற்கும். எலக்ட்ரான்கள் மிக அதிகமாக இருப்பது எஃப்2-இல்தான், ஏறக்குறைய 250 முதல் 400 கி.மீ. உயரத்தில். இங்கே ஓட்டை ஏன் சிறியது என்பதில் ஒரு அழகான காரணம் இருக்கிறது. அந்த உயரத்தில் இருப்பவை பெரும்பாலும் தனி ஆக்சிஜன் அணுக்கள். ஓர் எலக்ட்ரான் வந்து அயனியோடு சேரும்போது கொஞ்சம் ஆற்றல் வெளிப்படும். அந்த ஆற்றலை எங்கேயாவது இறக்கி வைத்தாக வேண்டும். அயனி இரண்டு அணுக்கள் சேர்ந்த மூலக்கூறாக இருந்தால், அது இரண்டாக உடைந்து அந்த ஆற்றலோடு விலகிப் போய்விடும். தனி அணுவுக்கு உடைய வழியில்லை. அதனால் ஆக்சிஜன் அயனி முதலில் ஒரு நைட்ரஜன் அல்லது ஆக்சிஜன் மூலக்கூறைச் சந்தித்து, தன் மின்னூட்டத்தை அங்கே கைமாற்ற வேண்டும். அதன் பிறகுதான் எலக்ட்ரானுக்குத் துணை கிடைக்கும். மேலே போகப் போக மூலக்கூறுகள் அரிதாகிவிடுவதால் இந்தக் கைமாற்றத்துக்கே நெடுநேரம் ஆகிறது. எஃப்2 அடுக்கு இரவெல்லாம் தாக்குப்பிடிப்பதற்கும், சிற்றலை வானொலி இரவிலும் கடல் தாண்டி ஒலித்ததற்கும் இதுதான் காரணம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: சூரியக் கதிர் எலக்ட்ரான்களை உண்டாக்குகிறது, மீளிணைவு அவற்றைக் குறைக்கிறது. கீழே கசிவு வேகம், மேலே கசிவு மெதுவு.

நிலா குறுக்கே வரும்போது

கிரகணம் தொடங்கி முடிய ஓரிடத்தில் இரண்டரை முதல் நான்கு மணி நேரம் ஆகும். நிலா சூரியனைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடும்போது டி அடுக்கும் ஈ அடுக்கும் கூடவே மெலிகின்றன. எஃப்2 பின்தங்கியே வருகிறது. அங்கே எலக்ட்ரான் அடர்த்தி மிகக் குறைவாக இருப்பது கிரகணத்தின் உச்சத்தில் இல்லை, அதற்குச் சில பத்து நிமிடங்கள் கழித்து. கீழே இருப்பவர்கள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு "உச்சம் முடிந்துவிட்டது" என்று பேசிக்கொண்டிருக்கும்போது, 300 கி.மீ. மேலே மட்டம் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்.

கூடவே அங்கே குளிர்ச்சியும் உண்டாகிறது. மேல் வளிமண்டலத்தைச் சூடாக்குவதும் இதே கதிர்கள்தான். அவை குறைந்தால் காற்று குளிர்ந்து சுருங்கும், அழுத்தம் குறையும், சுற்றிலுமிருந்து காற்று நிழல் பகுதியை நோக்கி நகரும்.

இதை "பகலில் வந்த இரவு" என்று எழுதிவிடுகிறார்கள். ஓரளவுக்குச் சரி. ஆனால் இரவு என்பது பூமியின் பாதியை மூடும் மாபெரும் நிழல், அது ஒரே சீராக நகர்கிறது. கிரகண நிழல் அப்படியில்லை. முழு இருட்டு விழும் பகுதி பொதுவாக நூறு, இருநூறு கி.மீ. அகலம்தான், அதைச் சுற்றிப் பல ஆயிரம் கி.மீ.க்கு அரைநிழல். அந்த இருண்ட புள்ளி ஒலியை மிஞ்சும் வேகத்தில் பூமியின் மேல் ஓடுகிறது. வெளிச்சமான பகலுக்கு நடுவே ஒரு குளிர்ந்த, மெலிந்த திட்டு ஓடிக்கொண்டிருப்பது இரவில் நடக்காத ஒன்று.

இன்னொரு வேறுபாடு, எனக்கு இந்தப் பொருளிலேயே மிகவும் பிடித்தது. தரையில் இருப்பவர்களுக்கு முழு கிரகணம் உண்டு. அயனி மண்டலத்துக்கு முழு கிரகணமே கிடையாது. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி சூரியனின் வட்டத்திலிருந்து வருகிறது, அதை நிலா முழுவதும் மூடிவிடும். ஆனால் எக்ஸ் கதிர்களிலும் ஆற்றல் மிகுந்த புற ஊதாக் கதிர்களிலும் ஒரு பெரும்பங்கு, சூரியனைச் சுற்றி வெகுதூரம் பரந்திருக்கும் கொரோனாவிலிருந்து வருகிறது. கொரோனா என்பது சூரியனின் வெளி வளிமண்டலம். அதன் வெப்பம் பத்து லட்சம் டிகிரிக்கும் மேல். முழு கிரகணத்தில் கருத்த வட்டத்தைச் சுற்றி வெண்மையாகத் தெரிவது அதுதான். நிலாவால் அதை மூட முடியாது. ஆகவே கீழே நட்சத்திரம் தெரியும் அளவுக்கு இருட்டினாலும், அயனியாக்கும் கதிர்களில் பத்தில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோ மேலே போய்ச் சேர்ந்துகொண்டேதான் இருக்கும். குழாய் ஒருபோதும் முழுதாக அடைபடுவதில்லை.

இதெல்லாம் எப்படித் தெரிய வந்தது

1901 டிசம்பரில் மார்க்கோனி இங்கிலாந்தின் போல்டுவிலிருந்து அட்லாண்டிக்குக்கு அப்பால் நியூஃபவுண்ட்லாந்துக்கு ரேடியோ சமிக்ஞை அனுப்பினார். ரேடியோ அலை நேர்கோட்டில் போகும், பூமியோ உருண்டை. பிறகு அலை எப்படி வளைந்தது? மேலே மின்சாரத்தைக் கடத்தும் ஓர் அடுக்கு இருந்து அலையைத் திருப்பியிருக்க வேண்டும் என்று 1902-இல் அமெரிக்காவில் கென்னெல்லியும் இங்கிலாந்தில் ஹெவிசைடும் தனித்தனியே சொன்னார்கள். 1924-இல் எட்வர்டு ஆப்பிள்டன், பிபிசியின் போர்ன்மவுத் ஒலிபரப்பியைப் பயன்படுத்தி அந்த அடுக்கு உண்மையிலேயே இருப்பதை நிரூபித்து, உயரத்தையும் அளந்தார். பின்னாளில் 1947-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அடுக்கு இருப்பது தெரிந்துவிட்டது. அதை உண்டாக்குவது எது என்பது தெரியவில்லை. சூரியனின் புற ஊதாக் கதிரா, அல்லது சூரியன் வீசும் மின்னூட்டத் துகள்களா? இரண்டுமே பகலில் வரும், இரவில் நிற்கும். தினசரி இரவு பகலை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

கிரகணம் பிரித்துக் காட்டியது. ஒளி சூரியனிலிருந்து பூமிக்கு வர எட்டு நிமிடத்துக்குச் சற்று அதிகமாகும். துகள்கள் அதைவிட மிக மெதுவாகத்தான் வர முடியும். நிலா இரண்டையும் மறைக்கும். ஆனால் துகள்களின் நிழல் விழும் நேரமும் இடமும் ஒளியின் நிழலோடு பொருந்தாது. 1932 ஆகஸ்ட் 31 அன்று கனடாவையும் அமெரிக்காவின் வடகிழக்கையும் கடந்த முழு கிரகணத்தின்போது ஆராய்ச்சியாளர்கள் ரேடியோ கருவிகளோடு காத்திருந்தார்கள். ஈ அடுக்கு, ஒளி மறைந்த நேரத்தோடு ஒத்து மெலிந்தது. ஒளி திரும்பியதும் மீண்டது. புற ஊதாக் கதிர்தான் காரணம் என்பது உறுதியானது. நிலாவின் நிழலை ஒரு கடிகாரமாக மாற்றி விடை கண்டுபிடித்தார்கள். ராக்கெட்டும் இல்லை, செயற்கைக்கோளும் இல்லை.

இன்றைக்கும் விஞ்ஞானிகள் கிரகணத்துக்காகக் காத்திருப்பதற்குக் காரணம் இதுவே. சூரியனை அணைத்து வைத்துப் பரிசோதனை செய்ய யாராலும் முடியாது. கிரகணமோ எந்த ஊரில், எந்த நொடியில், எவ்வளவு மறையும் என்று ஆண்டுக்கணக்கில் முன்பே தெரிந்துவிடும் பரிசோதனை. 2023 அக்டோபர் 14-இல் நியூ மெக்சிகோவிலிருந்தும், 2024 ஏப்ரல் 8-இல் விர்ஜினியாவின் வாலப்ஸ் தீவிலிருந்தும் நாசா மும்மூன்று ஆய்வு ராக்கெட்டுகளை விட்டது: கிரகண உச்சத்துக்கு அரை முதல் முக்கால் மணி நேரம் முன்பு ஒன்று, உச்சத்தை ஒட்டி ஒன்று, அதே அளவு நேரம் பிறகு ஒன்று. வாட்ஸ்அப் செய்தியில் வரும் "நாசா ராக்கெட்" இதுதான். ஆபத்தைத் தடுக்க விடப்பட்டதில்லை. நிழல் கடக்கும்போது எலக்ட்ரான் அடர்த்தி எப்படி ஏறி இறங்குகிறது என்று நேரிலேயே போய் அளந்துவர விடப்பட்டது. அந்தத் திட்டத்துக்கு ஏபெப் என்று பெயர். எகிப்தியப் புராணத்தில் சூரியக் கடவுளைத் துரத்தும் பாம்பின் பெயர் அது. சூரியனை விழுங்கவரும் பாம்பு நம் ஊர்க் கதையில் மட்டும் இல்லை.

தென்கோடியில் ஏன் கதை மாறுகிறது

மேலே சொன்ன தொட்டிக் கணக்கு ஈ அடுக்குக்கு அப்படியே பொருந்தும். எஃப்2 அடுக்கில் மட்டும் அது போதாது. அங்கே எலக்ட்ரான்கள் உண்டான இடத்திலேயே தங்குவதில்லை. காற்றும் மின்புலமும் பூமியின் காந்தப்புலமும் சேர்ந்து அவற்றை இடம் மாற்றிக்கொண்டே இருக்கின்றன. இந்த இடமாற்றம் மிகத் தீவிரமாக நடக்கும் பகுதிகளில் ஒன்று திருநெல்வேலி, கன்னியாகுமரி, திருவனந்தபுரம் வட்டாரத்தின் வானம்.

காரணம், காந்த நடுக்கோடு அந்தப் பக்கமாகப் போகிறது. பூமியின் காந்தப்புலக் கோடுகள் தரைக்கு இணையாக, மேலும் கீழும் சாயாமல் கிடக்கும் இடங்களை இணைக்கும் கோடு அது. திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டதே இந்த இருப்பிடத்துக்காகத்தான். திருநெல்வேலிக்கு அருகே இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் ஆய்வுக்கூடம் நடத்துவதும் இதனால்தான்.

காந்த நடுக்கோட்டின் மேல், ஏறக்குறைய நூறு கி.மீ. உயரத்தில், பகலெல்லாம் கிழக்கு நோக்கி ஒரு வலுவான மின்னோட்டம் ஓடுகிறது. எலக்ட்ரோஜெட் என்பார்கள். கோட்டுக்கு இருபுறமும் சில நூறு கி.மீ. அகலத்துக்குள் ஒடுங்கிய ஓட்டம் அது. தரையில் வைத்த காந்தமானியிலேயே அதன் ஏற்ற இறக்கம் தெரியும். அந்த மின்னோட்டத்தை ஓட்டும் அதே மின்புலம், மேலே இருக்கும் எஃப் அடுக்கின் எலக்ட்ரான்களை இன்னும் உயரத்துக்குத் தூக்குகிறது. தூக்கப்பட்டவை காந்தக் கோடுகளின் வழியே வடக்கிலும் தெற்கிலுமாகச் சரிந்து விழுகின்றன. ஆகவே எலக்ட்ரான்கள் மிக அதிகமாகக் குவிவது நடுக்கோட்டின் மேலே இல்லை. பத்துப் பதினைந்து டிகிரி தள்ளி, இருபக்கமும்.

இந்த அமைப்பின் மேல் நண்பகலில் ஒரு கிரகணம் விழுந்தால்? 2010 ஜனவரி 15, மாட்டுப்பொங்கல் அன்று அப்படித்தான் விழுந்தது. கங்கண சூரிய கிரகணம். அதாவது நிலா சூரியனை முழுதும் மூடாமல் ஓரத்தில் ஒளிவளையம் மிச்சமிருக்கும் வகை. கன்னியாகுமரி, ராமேஸ்வரம், தனுஷ்கோடி, யாழ்ப்பாணம் வழியாகப் போனது. தனுஷ்கோடியில் வளையம் பத்து நிமிடத்துக்கு மேல் நின்றது. இந்தியப் பெருங்கடலில் அதன் உச்சம் 11 நிமிடம் 8 நொடி. இந்த ஆயிரமாண்டில் இதைவிட நீண்ட கங்கண கிரகணம் வராது. கிரகண நாளிலும் அதற்கு முந்தைய நாளிலும் இஸ்ரோ தும்பாவிலிருந்து ஆய்வு ராக்கெட்டுகளை அனுப்பியது. முந்தைய நாள் எதற்கு? அதே நேரத்தில் கிரகணம் இல்லாத வானம் எப்படி இருந்தது என்று தெரியாமல், கிரகணத்தில் என்ன மாறியது என்று சொல்ல முடியாது.

சூரியனின் பரப்பில் கிட்டத்தட்ட 84 சதவீதம் மறைந்தது. ஈ அடுக்கு மெலிந்தது, மின்கடத்தும் திறன் குறைந்தது, எலக்ட்ரோஜெட் தளர்ந்தது. அதோடு நிற்காமல் மின்னோட்டம் எதிர்த்திசையில் திரும்பியதும் பதிவானது. மின்புலம் மாறியதால் எலக்ட்ரான்களை மேலே தூக்கும் வேலையும் கெட்டது. கிரகண நிழலோடு இந்த இடமாற்றமும் சேர்ந்துகொள்வதால்தான் காந்த நடுக்கோட்டுப் பகுதியில் எஃப்2 அடுக்கு எப்படி நடந்துகொள்ளும் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம். உலகில் பல இடங்களில் நடந்த பழைய கிரகணங்களில், எஃப்2 அடர்த்தி குறைவதற்குப் பதிலாகச் சற்றுக் கூடிய பதிவுகளும் உண்டு. குழாய் பாதி மூடியிருக்கும்போதே பக்கத்துத் தொட்டியிலிருந்து தண்ணீர் வந்து சேர்ந்தால் மட்டம் ஏறத்தானே செய்யும்.

கீழே இருக்கும் டி அடுக்கைக் கவனிக்கவும் நெல்லைச் சீமையில் ஒரு கருவி இருக்கிறது, அந்த நோக்கத்துக்காகக் கட்டப்படாவிட்டாலும். நாங்குநேரிப் பக்கம் விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையம் இருக்கிறது. நீர்மூழ்கிகளோடு தொடர்புகொள்ள 18.2 கிலோஹெர்ட்ஸ் என்ற மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் ஒலிபரப்புகிறது. இந்த அலை தரைக்கும் டி அடுக்குக்கும் நடுவே மாறி மாறித் திரும்பியபடி ஆயிரக்கணக்கான கி.மீ. போகும். பகலில் அது திரும்பும் உயரம் 70 கி.மீ. அளவில், இரவில் 85-ஐத் தாண்டும். 2009 ஜூலை 22 அன்று வட இந்தியாவைக் கடந்த முழு கிரகணத்தின்போது, கொல்கத்தாவிலிருந்து இந்த அலையைக் கேட்டுக்கொண்டிருந்த ஆராய்ச்சியாளர்கள், அதன் வலிமை மாறுவதை வைத்து டி அடுக்கில் நடந்ததைக் கணக்கிட்டார்கள். கிரகணத்தில் திரும்பும் உயரம் சில கிலோமீட்டர் ஏறும். இரவு அளவுக்குப் போவதில்லை. அதற்கு நேரமும் போதாது.

இந்தப் பகுதியின் சாரம்: கிரகணம் எலக்ட்ரான்கள் உண்டாவதைக் குறைக்கிறது, கூடவே அவற்றை நகர்த்தும் மின்புலத்தையும் கலைக்கிறது. இரண்டாவது விளைவு காந்த நடுக்கோட்டருகே பெரிதாகத் தெரிகிறது.

நிழல் எழுப்பும் அலைகள்

நிழல் ஒலியைவிட வேகமாக ஓடுகிறது என்று சொன்னேன். ஓடும் வழியில் காற்றைக் குளிர்விப்பதால், கடலில் விரைந்து செல்லும் கப்பலின் முன்பக்கத்திலிருந்து அலை விரிவதுபோல், வளிமண்டலத்திலும் அலை கிளம்ப வேண்டும் என்று 1970-இல் சிமோனாஸும் ஹைன்ஸும் கணித்தார்கள். அந்தக் கணிப்பை நிரூபிக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. அலை மிகச் சிறியது. வானத்தில் எப்போதும் வேறு அலைகள் ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன. ஆயிரக்கணக்கான ஜிபிஎஸ் ஏற்பிகள் ஒரே நேரத்தில் இயங்கும் காலம் வந்த பிறகுதான் அதைத் தனியே பிரித்தெடுக்க முடிந்தது. 2009 ஜூலை 22 கிரகணத்தில் தைவான், ஜப்பான் பகுதியில் அதன் தடயம் கிடைத்தது. 2017 ஆகஸ்ட் 21 அன்று அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்த கிரகணத்தில், 300 முதல் 400 கி.மீ. அலைநீளத்தோடு அலைகள் நிழலை ஒட்டி விரிந்து செல்வது வரைபடமாகவே கிடைத்தது.

அந்த நாளில் பொழுதுபோக்கு வானொலியாளர்கள், அதாவது ஹாம் வானொலி உரிமம் வைத்திருப்பவர்களும், பெரிய அளவில் பங்கெடுத்தார்கள். அவர்கள் ஒருவரோடொருவர் பேசிய பதிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கிரகண நேரத்தில் 14 மெகாஹெர்ட்ஸில் தொடர்புகள் குறைந்திருந்தன, 7, 3.5, 1.8 மெகாஹெர்ட்ஸில் வழக்கத்தைவிடத் தூரமாகப் பேச முடிந்திருந்தது. எஃப் அடுக்கு மெலிந்ததால் உயர்ந்த அதிர்வெண் திரும்பி வரவில்லை. டி அடுக்கு கலைந்ததால் தாழ்ந்த அதிர்வெண்கள் விழுங்கப்படாமல் தப்பின.

செல்பேசி, ஜிபிஎஸ், சாப்பாடு

செல்பேசிக்கு ஒன்றும் ஆகாது. அதன் அலை கைப்பேசிக்கும் பக்கத்துக் கோபுரத்துக்கும் இடையே தரையை ஒட்டிப் போகிறது. அயனி மண்டலத்தைத் தொடுவதே இல்லை.

ஜிபிஎஸ் அலை 20,000 கி.மீ.க்கு மேலிருந்து அயனி மண்டலத்தைக் கடந்துதான் வர வேண்டும். வழியிலுள்ள எலக்ட்ரான்கள் அதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். நம் பகுதியில் நல்ல பகலில் அந்தத் தாமதம் பத்து மீட்டர் அளவுக்குத் தூரப் பிழையை உண்டாக்கலாம். கருவிகள் ஒரு சராசரிக் கணக்கை வைத்து அதைத் திருத்திக்கொள்கின்றன. கிரகணத்தில் எலக்ட்ரான்கள் குறைவதால் தாமதமும் குறைகிறது. கருவியின் சராசரிக் கணக்குக்குக் கிரகணம் தெரியாது என்பதால் சில மீட்டர் பிசகு வரலாம். மிகத் துல்லியமாக நில அளவை செய்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம். வண்டியில் வழி பார்த்துப் போகிறவருக்குத் தெரியவும் தெரியாது.

அப்புறம், வாட்ஸ்அப் செய்தியில் வரும் அந்தத் தீய கதிர்கள். கிரகண நேரத்தில் சூரியனில் எந்த மாற்றமும் நடப்பதில்லை. குறுக்கே நிலா நிற்கிறது, அவ்வளவுதான். தரைக்கு வரும் ஒளியும் வெப்பமும் ஆற்றல் குறைந்த வகைப் புற ஊதாக் கதிரும் குறைகின்றன. அயனி மண்டலத்தின் கீழ் அடுக்குகளில் அளக்கப்பட்ட எண்களும் இதையே சொல்கின்றன. அங்கே எலக்ட்ரான்கள் குறைவதற்குக் காரணமே கதிர்கள் குறைந்ததுதான். கூடுதலாக ஏதாவது கதிர் வந்திருந்தால் எலக்ட்ரான்கள் பெருகியிருக்கும், டி அடுக்கு தடித்திருக்கும். சூரியத் தீக்கொழுந்து வெடிக்கும் நாட்களில் அப்படித்தான் நடக்கிறது.

"புற ஊதாக் கதிர் இல்லாததால் கிருமிகள் பெருகிச் சாப்பாடு கெடும்" என்று இன்னொரு விளக்கம் சொல்கிறார்கள். அந்தக் கதிர் ஒவ்வோர் இரவும் பன்னிரண்டு மணி நேரம் இல்லாமல்தான் இருக்கிறது. வீட்டுக்குள் மூடி வைத்த குழம்புப் பாத்திரத்துக்குப் பகலிலும் அது கிடைப்பதில்லை.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கிரகணம் என்றால் நம் வீடுகளில் கர்ப்பிணிகளையும் சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களையும் மணிக்கணக்கில் தண்ணீர்கூடக் குடிக்க விடாமல் உட்கார வைக்கிறார்கள். நம்பிக்கையின் பேரில் ஒருவர் தானாக விரதம் இருப்பது அவர் விருப்பம். ஆனால் "விஞ்ஞானமே சொல்லிவிட்டது" என்று ஓர் எலக்ட்ரான் கணக்கைக் காட்டி, எட்டு மாதக் கர்ப்பிணியைப் பட்டினி போடுவது தவறு. அந்தக் கணக்கு அப்படி எதையும் சொல்லவில்லை.

கண்ணுக்கு மட்டும் ஆபத்து உண்மையானது. வெயில் மங்கியதும் கூச்சம் குறைகிறது, நாம் தைரியமாக நிமிர்ந்து பார்க்கிறோம். மிச்சமிருக்கும் பிறையின் ஒளிச்செறிவு எப்போதும்போலவே இருக்கிறது. விழித்திரையைச் சுட்டுவிடும், வலிகூடத் தெரியாது. எக்ஸ்ரே ஃபிலிம், புகை பிடித்த கண்ணாடி, சாதாரணக் குளிர்க்கண்ணாடி எதுவும் உதவாது. கிரகணத்துக்கென்றே தரச்சான்றோடு விற்கும் கண்ணாடி வேண்டும், அல்லது அட்டையில் ஊசித்துளை போட்டு, சுவரில் விழும் பிம்பத்தைப் பார்க்கலாம்.

2031 மே 21 அன்று ஒரு கங்கண கிரகணம் கேரளத்தையும் தமிழ்நாட்டின் தென்பகுதியையும் கடக்கிறது. 2010-ஐப் போலவே நண்பகலை ஒட்டி, காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில். ஹாம் உரிமம் எடுக்க நினைக்கும் மாணவர்களுக்கு இடையில் போதிய காலம் இருக்கிறது. ஒரு சிற்றலை வானொலிப் பெட்டியும் குறிப்பேடும் இருந்தாலே பாதி வேலை நடக்கும்: கிரகணத்துக்கு முந்தைய இரண்டு மூன்று நாட்கள் அதே நேரத்தில் ஒரே நிலையத்தைக் கேட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒலி எவ்வளவு தெளிவு என்று எழுதி வையுங்கள். கிரகண நாளிலும் அதையே செய்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.